சிவப்பு நூல் கட்டிய கரண்டி

ருஃபினோ வார்க்காயாவின் குரல் எங்கள் மலையில் தெரியாதவர் இல்லை. லிமாவின் ஓரத்தில், படிக்கட்டுகள் முடிந்து மினிபஸ்கள் திரும்பும் இடத்தில் நான் காலையில் கினுவா கஞ்சி விற்பேன்; மலையில் எல்லோருக்கும் நான் அத்தை. அவன் காசிமீரோவின் வண்டியில் கண்டக்டர். ஒரு கால் கதவில், ஒரு கால் காற்றில். "ஏறு ஏறு ஏறு! உள்ள கல்யாணமே பண்ணலாம், அவ்வளவு எடம் கெடக்கு!" என்று கத்துவான். உள்ளே மூச்சு விட இடமிருக்காது. இறங்குகிறவர்களிடம், "வலது கால் தாயீ, வலது கால வையி!" என்பான். எங்கள் வண்டிகள் முழுதாக நிற்பதில்லை. இடது காலை முதலில் வைத்தால் ரோட்டில் உருள வேண்டியதுதான்.

குளிர்காலத்தில் அந்த வண்டியின் ஜன்னல்களைத் திறக்க மாட்டார்கள். தூறல் உள்ளே வந்தால் சனம் சண்டைக்கு வரும். அத்தனை பேர் விட்ட மூச்சையே அத்தனை பேரும் திரும்ப இழுத்துக்கொண்டு போய்வந்தார்கள்.

அவனுக்கு இருமல் வந்தபோது புழுதி என்றார்கள். இளைத்தபோது, பெண்டாட்டி நெலிதா கர்ப்பமாக இருக்கிறாள், கவலையில் இளைக்கிறான் என்றார்கள். ஒருநாள் கதவில் தொங்கியபடி கூவிக்கொண்டிருந்தவன் இருமினான். இறங்க நின்ற ஒரு பெண்ணின் வெள்ளைச் சட்டைக் கையில் இரத்தம் தெறித்தது. அவள் போட்ட கூச்சலில் காசிமீரோ வண்டியை நிறுத்தினான், முழுதாகவே நிறுத்தினான்.

"எறங்குடா," என்றான்.

"மொதலாளி, நான் எப்படிப் போவேன்?"

"வலது கால வச்சு எறங்கு."

வண்டிக்குள் சிலர் சிரித்தார்கள். அவனை அங்கேயே விட்டுவிட்டு மூடின ஜன்னல்களோடு போனார்கள். இதைச் சொன்னவர் அந்த வண்டியில் இருந்தவர். சொல்லும்போதும் சிரித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்குக் காசநோய் என்று சொன்னார்கள். சாதாரண மருந்து அவன் உடம்பில் இருந்த கிருமியைத் தொடவில்லை. அதனால் கடுமையான மருந்து, நீண்ட காலம். அவனை மூன்றாவது மாடி வார்டில் போட்டார்கள். அந்த வார்டின் ஜன்னல்களை மூட முடியாதபடி ஆணி அடித்து வைத்திருந்தார்கள். லிமாவின் குளிர்காலம் உங்களை நனைக்காமலே நனைக்கும். கம்பளி காலையில் பிழியலாம் போல இருக்கும். ஒருவன் அட்டை வைத்து ஜன்னலை அடைக்கப் போனபோது நர்ஸ் அதைப் பிடுங்கினாள்.

"மூடினா ஒருத்தன் மூச்சு இன்னொருத்தனக் கொல்லும். தெறந்தா நடுங்குவீங்க, அவ்வளவுதான். நடுங்குங்க."

தினமும் ஊசி. இரண்டு பக்கமும் குத்திக் குத்திக் கல்லாகிவிட்டதால் அவனால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டான். கைநிறைய மாத்திரை. வாந்தி எடுத்தால் மறுபடி கைநிறைய. பக்கத்துக் கட்டிலில் பாஸ்குவால் என்று ஒரு ரொட்டிக்காரர் இருந்தார். அவர் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி ஜன்னல் வழியே துப்புவார்.

"கீழ இருக்குற புறாவுக்கெல்லாம் டி.பி. கொணமாயிருச்சு, தம்பி. எனக்குத்தான் கொணமாகல," என்பார்.

அவர் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் வந்து தூக்குவதற்குள் ருஃபினோ அவர் காலிலிருந்து கம்பளிக் காலுறையைக் கழற்றித் தன் காலில் போட்டுக்கொண்டான். சூடாக இருந்தது என்று என்னிடம் சொன்னான். எதிர்க் கட்டில்காரன் அதற்குள் தலையணையை எடுத்துப் போயிருந்தானாம்.

பிறகு காதுக்குள் விசில் சத்தம் ஆரம்பித்தது. அடுப்பில் கெட்டில் கத்துவது போல, ஓயாமல். டாக்டரிடம் சொன்னான். டாக்டர் நின்றபடியே பதில் சொன்னார்.

"அந்த ஊசி அப்படித்தான். காது வேணுமா, நுரையீரல் வேணுமா, நீயே சொல்லு. ரெண்டையும் சேத்துக் குடுக்க என்கிட்ட மருந்து இல்ல."

அவன் நுரையீரல் என்றான். வேறு என்ன சொல்வான்? குழந்தை பிறக்க இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விசிலும் போயிற்று, மற்றச் சத்தமெல்லாமும் போயிற்று.

மாத்திரைகளில் ஒன்று புத்தியைக் கலக்கும். செத்துப்போன தகப்பன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து சோளம் உரிப்பதைப் பார்த்தான். உரித்த தோலை ஜன்னலுக்கு வெளியே போட வேண்டும் என்று தகப்பன் சொன்னாராம். இவன் கையில் ஒன்றுமில்லாமல் ஜன்னல்மேல் ஏறினான். பிடித்து இழுத்துக் கட்டிலோடு கட்டினார்கள்.

நெலிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான். வார்டுக்குள் குழந்தையை விடமாட்டார்கள். அதனால் அவள் முற்றத்தில் நின்று குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் நான், கஞ்சித் தூக்கோடு நின்றேன். மூன்றாவது மாடி ஜன்னலில் எல்லா முகமும் இருந்தது, அவன் முகம் இல்லை. கை வலித்தும் அவள் இறக்கவில்லை. கடைசியில் ஒருவன் மேலேயிருந்து கத்தினான்:

"யாருக்கு? ருஃபினோவுக்கா? அவனக் கட்டிப் போட்டுருக்கு தங்கச்சி! நல்லாத் தூக்கிக் காட்டு, நாங்க பாத்துக்குறோம்!"

ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. அவள் பிள்ளையை இறக்கி மார்போடு மூடிக்கொண்டாள்.

பிள்ளைக்கு மிலுஸ்கா என்று பெயர் வைத்தார்கள். பிறகு வந்த வாரங்களில் ஜன்னலில் நின்று பார்த்தான். அந்த உயரத்திலிருந்து ஒரு குழந்தை எவ்வளவு தெரியும்? ஒரு சால்வை, அதில் ஒரு கறுப்புப் புள்ளி. "முடி நெறையா இருக்கு அத்தை," என்று நான் கஞ்சியோடு மேலே போகும்போதெல்லாம் என்னிடம் சொல்வான், கேள்வியா சந்தோஷமா என்று தெரியாது.

கோழையில் கிருமி இல்லை என்றானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி அவனால் யாருக்கும் ஒட்டாது, ஆனால் மாத்திரை இன்னும் வெகுநாள் விழுங்க வேண்டும். தினமும் எங்கள் அடிவாரச் சுகாதார நிலையத்துக்கு வந்து நர்ஸ் க்ளோரிந்தாவின் கண்ணெதிரே விழுங்குவான்.

வீடு என்றால் மாமியார் எர்மீலாவின் வீடு. அவள் அவன் மெத்தையை என்றைக்கோ எரித்துவிட்டாள். வீட்டுக்கு மேலே, கறிக்கு வளர்க்கும் கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குப் பக்கத்தில் பாயால் ஒரு அறை கட்டியிருந்தாள். அவனுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. தவறிப்போய் வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று கரண்டியின் காம்பில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். தட்டைத் தரையில் வைத்து விளக்குமாற்றுக் காம்பால் அவன் பக்கம் தள்ளுவாள். கினிப்பன்றிகளுக்குப் புல்லைக் கையாலேதான் கொடுத்தாள்.

க்ளோரிந்தா அத்தனை படியும் ஏறிவந்து சொன்னாள். "அம்மா, இது தட்டுல ஒட்டாது, கரண்டில ஒட்டாது. இருமுறவன் மூச்சுலதான் வரும், அதுவும் மூடின அறையில. அவர் மூச்சுல இப்ப ஒண்ணுமில்ல. நீங்க ஜன்னலத் தெறந்து வையுங்க, அது போதும்."

"ஜன்னலத் தெறந்தா பிள்ளைக்குச் சளி புடிக்கும். நீ தெனமும் மலையேறி வந்து மூக்கத் தொடைப்பியா?"

"மருமகன் பிள்ளையத் தொடலாம்மா. தகப்பன்தானே."

"கட்டிப்போட்ட பைத்தியம் தகப்பன் இல்ல."

எர்மீலாவைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் புருஷனும் முதல் மகனும் இருமித்தான் செத்தார்கள். ஆனால் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கல் நனையும். இவள் நனையவில்லை.

மாத்திரை முடிந்தது. க்ளோரிந்தா அவனைக் கட்டிப்பிடித்தாள், சுகாதார நிலையத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் நேராக என் அடுப்படிக்கு வந்தான். எல்லோருக்கும் ஊற்றும் க்ளாஸிலேயே கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். அவன் அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பெஞ்சில் இருந்த ஒருத்தி தன் க்ளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போகட்டும். கஞ்சி அவளுக்குத்தான் நஷ்டம்.

அன்று அவன் மாமியார் முன்னால் போய் நின்றான். காது போனதால் சத்தமாகத்தான் பேசுவான்.

"அத்தை, எனக்குக் கொணமாயிருச்சு. பிள்ளையக் குடுங்க. ஒரு வாட்டி தூக்கிட்டுக் குடுத்துர்றேன்."

படிக்கட்டெல்லாம் கேட்டது. எர்மீலா அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி வாயை அகலமாக அசைத்துச் சொன்னாள்.

"பிள்ளையோட மொத முடியெடுப்புக்கு ஊர் கூடும்ல. காசிமீரோதான் ஞானத்தகப்பன். அவர் மொத க்ளாஸ் ஊத்தி விடுவார். அந்த க்ளாஸ் உன் கைக்கு வரட்டும். நாலு பேர் உன் வாய் பட்ட க்ளாஸுல குடிக்கட்டும். அப்புறம் தூக்கு. நான் தடுக்கமாட்டேன்."

எங்களில் பீர் ஆளுக்கொரு க்ளாஸில் குடிப்பதில்லை. ஒரே பாட்டில், ஒரே க்ளாஸ். ஊற்றி, பாட்டிலை அடுத்தவனிடம் கொடுத்து, குடித்து, அடியில் நிற்கும் நுரையைத் தரையில் உதறி, க்ளாஸையும் கொடுக்க வேண்டும். வட்டத்தில் உட்கார்ந்தவனைத் தாண்டி க்ளாஸ் போனால் அவன் அங்கே இல்லை என்று அர்த்தம்.

அவனைத் தெருவில் இறக்கிவிட்ட காசிமீரோ எப்படி ஞானத்தகப்பன் ஆனான் என்று கேட்பீர்கள். மலையில் சொந்தமாக வண்டி வைத்திருந்தவன் அவன்தான். எர்மீலா வேறு யாரைக் கேட்பாள்? ருஃபினோ அதற்கும் தலையாட்டினான். அந்த நாளுக்காக, அவன் சட்டைக்கு நானே பொத்தான் தைத்துக் கொடுத்தேன்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல தூறல். பிள்ளைக்கு இரண்டு வயதாகியும், பிறந்ததிலிருந்து முடியில் கத்தரி படவில்லை. அதைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து நெலிதா ரிப்பன் கட்டியிருந்தாள். முடியிறக்கும்போது பிள்ளையின் தலையில் காற்றுப் பட்டால் சன்னி வரும் என்பது எங்கள் பயம். எர்மீலா கதவிடுக்கில் துணியைத் திணித்தாள், ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஆணி அடித்தாள். உள்ளே ஒரு ஊர் சனமும் கினிப்பன்றி வறுத்த புகையும். சுவரில் தண்ணீர் வழிந்தது. நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். ருஃபினோவைக் கதவுக்குப் பக்கத்தில், வட்டத்தின் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

காசிமீரோ நடுவில் உட்கார்ந்தான், மடியில் மிலுஸ்கா. முதல் க்ளாஸை ஊற்றிக் குடித்தான், நுரையை உதறினான், அடுத்தவனிடம் கொடுத்தான். ருஃபினோ அந்த க்ளாஸை மட்டும் பார்த்தான். அது ஒவ்வொரு கையாக வந்தது. அவனுக்கு முந்தின நாற்காலியில் இருந்தவன் குடித்துவிட்டு, கை நீட்டிய ருஃபினோவைத் தாண்டி, எதிர் வரிசைக்குக் கொடுத்தான். எர்மீலா பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கப்பை அவன் மற்றக் கையில் வைத்தாள்.

"கோச்சுக்காதடா," என்றான் காசிமீரோ. "பிளாஸ்டிக் உனக்கு நல்லது. கீழ விழுந்து ஒடைஞ்சாலும் உனக்குக் கேக்காது, பாவம்."

சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ருஃபினோவும் சிரித்தான். கப்பில் இருந்ததைக் குடித்தான். க்ளாஸுக்கு நீட்டின கை இன்னும் அப்படியே இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, சூப்பைப் பார்த்தேன்.

ஞானத்தகப்பன் முதல் கற்றையை வெட்டினான். அப்போது இருமினான். சத்தத்தை மட்டும் கேட்ட எங்களுக்கு அது சும்மா இருமல். புகை அதிகம், நாங்களும் இருமினோம். ருஃபினோவுக்குச் சத்தம் இல்லை. அவனுக்குத் தோள்தான் தெரிந்தது. இடது தோள் தூக்குவது, விலாவைக் கை அமுக்குவது, கைக்குட்டையை உள்பக்கமாக மடிப்பது, இடுப்பு பெல்ட்டில் புதிதாகக் குத்தின ஓட்டைகள். அத்தனை மாதம் ஒரு வார்டில் கிடந்தவன் வேறெதைப் பார்த்தான்?

எழுந்து நின்றான்.

"ஜன்னலத் தெறங்க!"

"உக்காருடா," என்றார்கள்.

"அவருக்கு இருக்கு! பிள்ளைய எறக்கி விடுங்க! ஜன்னலத் தெறங்க!"

"க்ளாஸ் கெடைக்கலன்னு கோவம்," என்றான் ஒருவன். "பைத்தியம் திரும்ப வந்துருச்சு," என்றாள் எர்மீலா. காசிமீரோவின் முகம் கறுத்தது.

"எனக்கா? உன் எச்சில என் வண்டி முழுக்கத் துப்பினவன் நீ. என்னப் பாத்து நோயாளிங்கிறியா, செவிட்டு நாயே?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமல் வந்தது, பிள்ளையின் ரிப்பன் தலைக்கு மேலே.

ருஃபினோ நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் மிலுஸ்காவைப் பிடுங்கினான். ஒரு கற்றை முடி கத்தரியோடு போயிற்று. கதவை உதைத்துத் திறந்து, தூறலில், பாதி வெட்டின தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். அவன் அவளை முதல்முறை தூக்கியது அப்படித்தான். பிள்ளை வீறிட்டது. அவளுக்கு அவன் யார்? கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள், கிட்டே போகக் கூடாதென்று அடித்துச் சொல்லிவைத்த ஆள். மலையே வெளியே வந்து பார்க்கும்படி கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. நெஞ்சில் அவள் வயிறு துடித்தது மட்டும் தெரிந்ததாம்.

நெலிதா பின்னாலேயே ஓடி அவன் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். "குடுடா, என் பிள்ளையக் குடுடா!" அவன் திரும்பவில்லை. சுகாதார நிலையத்தின் வாசலில்தான் நின்றான்.

க்ளோரிந்தா பிள்ளையின் கையில் ஊசி குத்திச் சோதனை வைத்தாள். மூன்றாம் நாள் பார்த்தபோது அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. உள்ளே கிருமி போயிருக்கிறது, இன்னும் நோயாகவில்லை, இப்போதே மாத்திரை கொடுத்தால் தடுத்துவிடலாம் என்றாள். எங்கிருந்து போயிருக்கும் என்று நெலிதா கேட்டாள். ஞானத்தகப்பன் வண்டியிலும் வீட்டிலும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் அலைந்தான், ஆசையாகத்தான் அலைந்தான். க்ளோரிந்தா அவனைக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோதே ஸ்டியரிங்கில் இரத்தம் கக்கினான். ஆஸ்பத்திரி போய், திரும்பவில்லை.

மலை என்ன சொன்னது தெரியுமா? ருஃபினோதான் கொடுத்தான் என்றது. "பிளாஸ்டிக் கப்புலதானே குடிச்சான், தனியாத்தானே உக்காந்தான்?" என்று நான் எர்மீலாவைக் கேட்டேன்.

"பார்வை இருக்குல்ல," என்றாள். "மொறைச்சுப் பாத்தான்ல."

அந்தப் பேச்சோடு எந்த வண்டியிலும் அவனுக்கு வேலை இல்லை என்றாயிற்று. செவிட்டுக் கண்டக்டரை யார் எடுப்பார்கள் என்பது வேறு.

ஆனால் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க யாராலும் முடியவில்லை. கசப்பு. நெலிதாவைக் கடித்தாள், எர்மீலாவின்மேல் துப்பினாள். மாத்திரையைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் ஒருவன்தான் வீட்டில் இருந்தான். எர்மீலா பிள்ளையைக் கொண்டுபோய்ப் பாயறை வாசலில் விட்டாள். மருந்து கரைக்க அவள் எடுத்துக் கொடுத்தது சிவப்பு நூல் கட்டிய கரண்டி.

"எல்லாரும் திங்குற கரண்டிய இதுக்குக் குடுக்க முடியுமா?" என்றாள். பேத்தியைச் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் பிள்ளையை மடியில் வைத்து, கால்களைத் தொடையிடுக்கில் அமுக்கி, மூக்கைப் பிடித்து, திறந்த வாயில் கரண்டியைக் கவிழ்ப்பான். அவள் முகமெல்லாம் நீலமாகக் கத்துவாள். விழுங்கியதும் இறங்கி ஓடுவாள். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. தெருவில் அவனைப் பார்த்தால் நெலிதாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிவாள். "கசப்பு மாமா வர்றாரு," என்று மற்றப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வேற யாராவது குடுக்கட்டுமேடா," என்று ஒருநாள் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். "உன்னப் பூச்சாண்டின்னு நெனைக்குது அது."

"வேற யார் குடுத்தாலும் துப்பிரும் அத்தை. பாஸ்குவால் துப்பினாரு."



கடைசி மாத்திரையும் முடிந்தது. க்ளோரிந்தா பிள்ளையின் மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்றாள். நெலிதா அழுதாள். எர்மீலா ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் நான் கஞ்சித் தூக்கோடு மேலே போயிருந்தேன். பாயறை வாசலில் அவன் வழக்கம்போல உட்கார்ந்திருந்தான், கையில் அந்தக் கரண்டி. மாத்திரை முடிந்துவிட்டது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போல. நேரம் ஆனதும் படியேறி வந்தாள். நடந்து வந்து, அவன் தொடையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, தானாகவே வாயைத் திறந்தாள்.

அவன் கரண்டியைப் பார்த்தான். காலியாக இருந்தது. மூக்கைப் பிடிக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது.

நான் தூக்கைத் திறந்து நீட்டினேன். அவன் அந்தக் கரண்டியால் கஞ்சி மொண்டான், ஊதினான், அவள் வாயில் வைத்தான். கசப்புக்கென்று முகத்தைச் சுருக்கி வைத்திருந்தவள் அப்படியே விழுங்கினாள். கண்ணைத் திறக்கவில்லை. இறங்கி ஓடவுமில்லை. மறுபடி வாயைத் திறந்தாள்.

கீழேயிருந்து எர்மீலா கத்தினாள், "மருந்து முடிஞ்சதுல்ல, பிள்ளைய அனுப்பு!"

அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நானும் சொல்லவில்லை.